குழியில் கிடைத்தவளின் குடியுரிமை

லிஃப்ட் மெக்கானிக் தன் வீட்டுப் பின்பக்கத்தில் குழி தோண்டியது கழிப்பறை கட்டுவதற்காக. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால், பிறகு அந்தக் குழியைப் பற்றி எழுதப்பட்ட பதினேழு அறிக்கைகளில் ஒன்றில்கூட அந்த வார்த்தை வரவில்லை.

கழிப்பறை அவருடைய மாமனாருக்காக. மாமனார் முப்பத்தாறு வருடம் தபால் பிரித்து ஓய்வு பெற்றவர். இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, மகள் வீட்டுக்கு வந்திருந்தார். வீட்டிலிருந்த ஒரே கழிப்பறை மாடியில். பதினான்கு படி. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு தடவை, திரும்பி வந்ததும் ஒரு தடவை, மெக்கானிக் அவரைத் தூக்கிக்கொண்டு ஏறுவார். இடையில் வரும் தேவைகளுக்கு மனைவியும் பக்கத்து வீட்டுத் தையல்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடிப்பார்கள். ஊரிலுள்ள கட்டடங்களில் எல்லாம் ஆட்களை ஏற்றி இறக்குகிற மனுஷனுக்குத் தன் வீட்டுக் கிழவனை ஏற்றி இறக்க ஒரு வழியில்லை பாருங்கள் என்று மாமனார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். மெக்கானிக்கும் கூடச் சிரிப்பார். அந்த நேரத்தில் வேறெதுவும் செய்ய முடியாது. அவருடைய இரண்டு கைகளிலும் மாமனார் இருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோண்ட ஆரம்பித்தார். ஐந்தாவது அடியில் கடப்பாரை எதிலோ முட்டியது. கல்லில் படுகிற சத்தம் இல்லை. கையால் மண்ணை விலக்கிப் பார்த்தார். ஒரு மண்டையோடு. அதற்குக் கீழே, குளிருக்கு ஒடுங்கிப் படுத்தமாதிரி, முழங்காலை மார்போடு சேர்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தது ஒரு முழு எலும்புக்கூடு.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"மூடிடுங்க. நாலடி தள்ளித் தோண்டிக்கலாம்," என்றாள்.

"யாரோ செத்துக் கெடக்காங்கடி. சொல்லாம விட்டா நாளைக்கு நம்ம தலையிலதான் விடியும்."

அவர் போலீசுக்குப் போன் செய்தார். அவர் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு அதுதான் என்பது அவருடைய மனைவியின் கருத்து. இன்றுவரை அந்தக் கருத்தில் மாற்றமில்லை.

போலீஸ் இன்ஸ்பெக்டர் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். எலும்புக்குப் பக்கத்தில் இருந்த தேய்த்து மெருகேற்றிய கற்கோடரியைப் பார்த்தார். "இது நம்ம காலத்துக் கேஸ் இல்ல," என்று சொல்லிவிட்டுத் தொன்மைக்குடி மேன்மை வாரியத்துக்குத் தகவல் அனுப்பினார்.

வாரியம் ஆறு மாடிக் கட்டடத்தில் நூற்று நாற்பது பேருடன் இயங்கிவந்தது. இந்த மண்ணின் மக்கள் வேறெங்கிருந்தும் வந்தவர்கள் அல்லர், இங்கேயே முளைத்தவர்கள் என்று நிறுவுவது அதன் வேலை. இந்த முடிவை வாரியம் தொடங்கிய அன்றைக்கே எட்டிவிட்டார்கள். ஆராய்ச்சி மட்டும்தான் பாக்கி இருந்தது.

மறுநாள் காலையில் நான்கு வண்டிகள் வந்தன. முதல் வண்டியில் தலைவர், இரண்டாவதில் மேடைச் சாமான்கள், மூன்றாவதில் புகைப்படக்காரர்கள். நான்காவதில் ஆராய்ச்சியாளர். நாற்பது வயதிருக்கும் அந்தப் பெண்மணி தலைமுதல் கால்வரை வெள்ளை உடை மாட்டிக்கொண்டு, கையுறை, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு இறங்குவதற்குள் தலைவர் குழிக்குள் இறங்கிவிட்டிருந்தார்.

"சார், தொடாதீங்க!" என்று ஆராய்ச்சியாளர் கத்தினார்.

தலைவர் மண்டையோட்டை வெறுங்கையால் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "நம்ம அப்பாவைத் தொடறதுக்கு யார்கிட்டம்மா கேக்கணும்?" என்று சொல்லிக் குரல் தழுதழுத்தார். புகைப்படக்காரர்களில் ஒருவருக்குப் படம் சரியாக விழவில்லை. எனவே இன்னொரு தடவை தழுதழுத்தார். நெற்றியோடு நெற்றி வைத்து ஒரு படம். முடிவில் ஒரு தும்மலும் வந்தது.

பிறகு மேடையேறினார். "இவர்தான் முதல் தந்தை. ஆறாயிரம் ஆண்டுகளாக இந்த மண்ணைவிட்டு ஓரடி நகராதவர். பாருங்கள், செத்த பிறகும் நகரவில்லை!" என்று முழங்கினார். கைதட்டல் எழுந்தது. மாமனார் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, நானும் நகர முடியாமத்தான் கெடக்கேன். அவரை என்னையும் வந்து பாக்கச் சொல்லுங்க," என்றார்.

கூட்டம் கலைகிற நேரத்தில் மெக்கானிக் தலைவரின் உதவியாளரைப் பிடித்தார். "சார், அந்த எடத்துல ஒரு பாத்ரூம் கட்டறதா இருந்தோம். எங்க மாமனாருக்கு முடியல. எப்போ மூடித் தருவீங்க?"

"மாமனாருக்கு என்ன வயசு?"

"எழுபத்தெட்டு."

உதவியாளர் குழியைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார். "ஆறாயிரம் வருஷத்துக்கு முன்னால எழுபத்தெட்டெல்லாம் ஒரு வயசா சார்?" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் முழுவதும் கயிறு கட்டி, தகரக் கொட்டகை போட்டு, ஒரு காவலாளியையும் நிறுத்திவிட்டுப் போனார். மெக்கானிக்குக் 'கண்டெடுத்தவர்' என்ற பட்டம் தரப்பட்டது. வாரியத்தின் எல்லா விழாவுக்கும் தவறாமல் வரவேண்டும் என்பதைத் தவிர அந்தப் பட்டத்தால் அவருக்கு வேறு தொந்தரவில்லை.

அன்று மாலை ஆராய்ச்சியாளர் மட்டும் தங்கி வேலை பார்த்தார். மனைவி டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். மண்டையோட்டின் காதுப் பக்கத்திலிருந்து கட்டைவிரல் நுனி அளவுக்கு ஓர் எலும்பை அவர் எடுத்துக் காட்டினார்.

"உடம்புலயே ரொம்பக் கெட்டியான எலும்பும்மா இது. மத்தது எல்லாம் மக்கிப் போனாலும் இதுக்குள்ள கொஞ்சம் டி.என்.ஏ. மிச்சம் இருக்கும். இவங்க யாரு, இவங்க பாட்டன் முப்பாட்டன் எல்லாம் எந்தப் பக்கத்து ஆளுங்க, எப்போ யாரோட கலந்தாங்கன்னு அதுல தெரியும்."

"அவ்வளவும் காதுக்குள்ளயா இருக்கு?" என்றாள் மனைவி.

மூன்று வாரத்தில் முதல் முடிவு வந்தது. முதல் தந்தையின் டி.என்.ஏ. துளி சேதமில்லாமல், முழுசாக, நேற்றுக் காலையில் எடுத்தமாதிரி கிடைத்திருந்தது. அதைவிட வியப்பு, அது வாரியத் தலைவரின் டி.என்.ஏ.வுடன் நூற்றுக்கு நூறு ஒத்துப்போனது. வாரியம் ஆனந்தக் கூத்தாடியது. ஆறாயிரம் வருடமாக ஓர் எழுத்துக்கூட மாறாமல் வந்திருக்கிற ரத்தம் என்று தலைவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். முதல் தந்தையின் முகத்தை அந்த டி.என்.ஏ.விலிருந்து வரைந்து வெண்கலச் சிலை வார்த்தார்கள். சிலைக்கு இரட்டைத் தாடையும், மீசைக்கு மேலே ஒரு மருவும் இருந்தன.

திறப்பு விழாவில் ஆராய்ச்சியாளர் மெதுவாகத் தலைவரின் பக்கத்தில் போய் நின்றார். பின்னால் நின்ற மெக்கானிக்குக் காதில் விழுந்தது.

"சார், பழைய டி.என்.ஏ. இப்படி இருக்காது. துண்டு துண்டா ஒடஞ்சு, ஓரமெல்லாம் கெட்டுப்போய் இருக்கும். இது நீங்க தொட்டதும், தும்மினதும். மேல ஒட்டியிருந்தது உங்களோடது சார்."

"அப்போ நான்தான் முதல் தந்தைங்கறீங்களா?" என்றார் தலைவர். அவர் குரலில் வருத்தம் இல்லை.

"இல்ல சார். முதல் முடிவு தப்புங்கறேன்."

சிலையை உடைக்கவில்லை. அடியிலிருந்த 'முதல் தந்தை' என்ற பலகையை மட்டும் கழற்றிவிட்டு 'நம் தலைவர்' என்று மாட்டினார்கள். பொருத்தமாகத்தான் இருந்தது.

ஆராய்ச்சியாளர் அந்தச் சின்ன எலும்பின் மேற்பரப்பைச் சுரண்டி எறிந்துவிட்டு, உள்ளே துளைத்து, வெள்ளைத் தூள் எடுத்து மறுபடி ஆரம்பித்தார். இந்தத் தடவை கிடைத்தது ஒடிந்து நைந்த துண்டுகள். அவற்றைப் பொறுமையாகச் சேர்த்துப் படித்து, ஒன்றரை மாதம் கழித்து அறிக்கை கொடுத்தார். மெக்கானிக் வழக்கம்போல 'கண்டெடுத்தவர்' நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அறிக்கை சொன்னது இது. முதலாவதாக, முதல் தந்தை ஒரு பெண். இரண்டாவதாக, அவளுடைய முன்னோரில் பாதிப் பேர் மலைகளுக்கு அப்பாலிருந்து ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக நகர்ந்து வந்தவர்கள். மீதிப் பாதி, அவர்களுக்கு முன்பே இங்கே இருந்தவர்கள்.

"அந்த மீதிப் பாதி போதுமே!" என்று தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவங்களும் வந்தவங்கதான் சார். அவங்க கடலோரமா நடந்து வந்தாங்க. இன்னும் பல ஆயிரம் வருஷம் முன்னாடி. அவ்வளவுதான் வித்தியாசம்."

கடைசியில் ஒரு மூத்த உறுப்பினர் வழி கண்டுபிடித்தார். இந்தப் பெண் வெளியிலிருந்து வந்தவள் என்று நிரூபணமாகிவிட்டதால் இனி இவள் நமக்குச் சம்பந்தப்பட்டவள் அல்லள். இவளைப் பற்றிய ஃபைலை ஐந்தாவது மாடியிலுள்ள வெளியாட்கள் கண்காணிப்புப் பிரிவுக்கு மாற்றிவிடலாம் என்றார். எல்லாருக்கும் மூச்சு வந்தது.

நான்கு நாளில் மெக்கானிக் வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. வெளியாள் ஒருவரைத் தகவல் தெரிவிக்காமல் வீட்டில் வைத்திருந்ததற்கு விளக்கம் தரும்படி கேட்டிருந்தார்கள். அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனார். கண்காணிப்பு அதிகாரி மெலிந்த, மரியாதையான மனிதர். உட்காரச் சொல்லிவிட்டுப் படிவத்தை எடுத்தார்.

"வந்தவங்க பேரு?"

"தெரியாதுங்க சார்."

"உங்க வீட்டுலதானே இருந்தாங்க?"

"வீட்டுப் பின்னால, மண்ணுக்கு அடியில இருந்தாங்க."

"கீழ்த்தளம்னு போட்டுக்கறேன். எவ்வளவு காலமா?"

"ஆறாயிரத்து இருநூறு வருஷம்னு மேடம் சொன்னாங்க."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "முப்பது நாளைக்குள்ள சொல்லியிருக்கணும் சார்."

"நான் அந்த வீட்டைக் கட்டியே பதினோரு வருஷம்தான் ஆகுது."

"ஓ. அப்போ ஏற்கெனவே ஒருத்தர் குடியிருந்த எடத்துல, அவங்க சம்மதம் இல்லாம வீடு கட்டியிருக்கீங்க." அதிகாரி இழுப்பறையிலிருந்து இன்னொரு படிவத்தை எடுத்தார். "அதுக்கு இது. சரி, எப்படி வந்தாங்க? விமானம், கப்பல், ரயில்?"

"நடந்து."

"நடந்துங்கறதுக்குக் கட்டம் இல்லையே," என்று அதிகாரி உண்மையாகவே கவலைப்பட்டார். கடைசியில் 'சொந்த வாகனம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தார்.

அவளைத் திருப்பி அனுப்புவதற்காக மலைகளுக்கு அப்பாலிருந்த மூன்று நாடுகளுக்குக் கடிதம் போனது. இரண்டு நாடுகள் பதில் எழுதவில்லை. மூன்றாவது, அவளுடைய தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்டது. அதுவரைக்கும் நெருங்கிய உறவினர் யாராவது பொறுப்பேற்க வேண்டும் என்பது விதி. உறவைக் கண்டுபிடிக்க மெக்கானிக், மனைவி, மாமனார் மூவரிடமும் எச்சில் எடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்கக் கலப்பில்லாத சுத்தமான ஆட்களின் மாதிரி வேண்டுமல்லவா? அதற்காக வாரிய ஊழியர்கள் நூற்று நாற்பது பேரும் பெருமையோடு வரிசையில் நின்று வாயைத் திறந்தார்கள். வரிசையில் முதல் ஆள் தலைவர்.

இதற்கிடையில் குழி தோண்டி மூன்று மாதம் ஆகியிருந்தது. தையல்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மாமனார் பகலில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். மனைவி கெஞ்சினால், "தாகம் எடுக்கலம்மா," என்பார். உதடு வெடித்திருந்தது. ஒருநாள் சிறுநீரில் கிருமி சேர்ந்து காய்ச்சல் வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அங்கே கட்டிலுக்குப் பக்கத்திலேயே கழிப்பறை இருந்ததால், திரும்பி வர அவருக்கு அவ்வளவாக மனமில்லை.

அந்த வாரம்தான் வாரியத்தின் லிஃப்ட் நின்றுபோனது. அந்தக் கட்டடத்துப் பராமரிப்பு மெக்கானிக்கின் கம்பெனியிடம் இருந்தது. போன் வந்ததும் பையோடு ஓடினார். நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்தாவது மாடிக் கதவைச் சாவி போட்டு ஒரு சாண் திறந்து, குனிந்து பார்த்தார். உள்ளே தலைவரும், கையில் ஓர் உறையோடு ஆராய்ச்சியாளரும் நின்றிருந்தார்கள்.

"பயப்படாதீங்க சார். மேல மெஷின் ரூம்ல பிரேக்கை எடுத்துவிட்டுக் கையால சக்கரத்தைச் சுத்தி இறக்கிடலாம். பத்து நிமிஷம்."

மெஷின் ரூம் சாவி ஸ்டோரில் இருந்தது. ஸ்டோர் குமாஸ்தா, தலைவர் கையெழுத்துப் போட்ட கடிதம் இல்லாமல் சாவி தரமுடியாது என்றார். தலைவர் லிஃப்டுக்குள் மாட்டியிருக்கிறார் என்று மெக்கானிக் சொன்னார். "அவர் எங்க இருந்தாலும் கையெழுத்து வேணும்," என்றார் குமாஸ்தா. கடிதத்தை டைப் அடிக்க வேண்டியவர் சாப்பிடப் போயிருந்தார். மெக்கானிக் கதவருகே திரும்பி வந்து உட்கார்ந்து காத்திருந்தார். உள்ளே பேசுவது தெளிவாகக் கேட்டது.

"எல்லார்கிட்டயும் இருக்கு சார்," ஆராய்ச்சியாளர் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்தப் பெண்ணோட ரெண்டு பக்கத்துக் கலப்பும் நூத்தி நாப்பது பேர்கிட்டயும் இருக்கு. மெக்கானிக் வீட்டுலயும் இருக்கு. கொஞ்சம் கூடக்குறைய, அவ்வளவுதான். மலைக்கு அப்பால இருந்து வந்த பங்கு இருக்கறதுலயே அதிகமா இருக்கறது உங்களுக்கு."

தலைவர் உறையைப் பிரித்துத் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"இங்க பாரும்மா," தலைவரின் குரல் தணிந்து வந்தது. "நீ சொல்றது உண்மையாவே இருக்கட்டும். எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல. ஆனா எல்லாரும் வந்தவங்கன்னு ஆயிட்டா யாரைப் பாத்து யாரு 'நீ எங்கேருந்துடா வந்தே'ன்னு கேக்கறது? கேக்க ஆளில்லேன்னா அஞ்சாவது மாடி எதுக்கு? அஞ்சாவது மாடி இல்லேன்னா ஆறாவது மாடியில நான் எதுக்கு? உண்மையைக் கண்டுபிடிக்கத்தான் உன்னை வெச்சிருக்கோம். அதுக்காகத் திடீர்னு இப்படிக் கண்டுபிடிச்சுடறதா?"

பிறகு கதவைத் தட்டும் சத்தம். "யோவ் மெக்கானிக்! இருக்கியா? இன்னும் எவ்வளவு நேரம்?"

"லெட்டர் டைப் ஆயிட்டிருக்கு சார்."

"எனக்குக் கொஞ்சம்... அவசரம்யா."

"புரியுது சார்," என்றார் மெக்கானிக். மனதாரத்தான் சொன்னார். "எங்க மாமனாரும் இதே குரல்லதான் சொல்வாரு. தண்ணி மட்டும் குடிக்காதீங்க."

"பாத்ரூம்தானே உனக்கு வேணும்? கட்டிக்கோ! நான் அனுமதி தர்றேன். என்னை முதல்ல இறக்கு!"

கடிதம் வந்தது. சந்து வழியாக உள்ளே நீட்டினார். தலைவர் சுவரில் வைத்துக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். சாவி வந்தது, சக்கரம் சுற்றியது, லிஃப்ட் நான்காவது மாடியில் தட்டி நின்றது. தலைவர் அந்த உடம்போடு அவ்வளவு வேகமாக ஓடி ஊழியர்கள் யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் மெக்கானிக் அனுமதிக் கடிதம் வாங்கப் போனார். உதவியாளர் சிரித்தார். "அது லிஃப்டுக்குள்ள சொன்னது சார். நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல சொன்னது எந்த மாடியோட அதிகாரத்துலயும் வராது."

மெக்கானிக் படியிறங்கிப் போனார். லிஃப்ட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு அதில் ஏறப் பிடிக்கவில்லை.

பத்து நாள் கழித்து வாரியம் வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானத்தை நிறைவேற்றியது. தலைவரே வாசித்தார். "அந்தத் தாய் மலைகளுக்கு அப்பாலிருந்து வந்தார் என்பதை வாரியம் துணிச்சலோடு ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அவர் வரவில்லை, திரும்பினார். அவருடைய முன்னோர் இங்கிருந்து புறப்பட்டுப்போய், உலகத்துக்கு நாகரிகம் சொல்லிக்கொடுத்துவிட்டு, வீடு திரும்பியவர்கள்!"

ஆராய்ச்சியாளர் எழுந்து நின்றார். "போனதுக்கு என்ன சார் ஆதாரம்?"

"திரும்பி வந்ததுதாம்மா ஆதாரம். போகாம எப்படித் திரும்ப முடியும்?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மெக்கானிக் மீதிருந்த வழக்கு கைவிடப்பட்டது. எலும்புக்கூடு 'ஊர் திரும்பிய தாய்' என்ற பெயரில் வாரியத்தின் கீழ்த்தளத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டது. குழியையோ, தாய் காலடி வைத்த இடம் என்று பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடுவதாக அறிவித்தார்கள்.

மனைவிக்கு அவளை ஒருதரம் பார்க்கவேண்டும் என்றிருந்தது. பதினோரு வருடம் தன் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவள் அல்லவா? மெக்கானிக் கூட்டிக்கொண்டு போனார். ஆராய்ச்சியாளர் அங்கே தன் பொருட்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். வேறு ஊர்க் கல்லூரிக்குப் போகிறாராம். மனைவியைப் பார்த்ததும் எழுந்து வந்து, கண்ணாடிக்குள் விரலைக் காட்டினார்.

"இந்தக் காலைப் பாருங்க. தொடை எலும்பு ஒடஞ்சு, கோணலா ஒட்டியிருக்கு. இருபது வயசு இருக்கறப்போ நடந்திருக்கும். அதுக்கப்புறம் அவங்களால ஒழுங்கா நடந்திருக்க முடியாது. ஆனா சாகறப்போ வயசு நாப்பதுக்கு மேல."

மனைவி கணக்குப் போட்டுப் பார்த்தாள். "அப்போ இருபது வருஷம் யாரோ தூக்கிட்டுத் திரிஞ்சிருக்காங்க."

"ஆமா."

"சொந்தக்காரங்களா, வேத்தாளா?"

"அது தெரியல," என்றார் ஆராய்ச்சியாளர். "அவங்க பக்கத்துல யாருமே கெடைக்கல."

மனைவி கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பெட்டியில் ஒட்டியிருந்த விளக்கச் சீட்டில் காலைப் பற்றி ஒன்றும் இல்லை. வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில், "பாவம், முதுகு ஒடஞ்சிருக்கும்," என்று மட்டும் சொன்னாள். யாருடைய முதுகு என்று மெக்கானிக் கேட்கவில்லை.

அடுத்த மாதம் குழியைப் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற அதிகாரிகள், முதல் மாடியிலிருந்து ஆறாவது மாடிவரை வாரிய ஊழியர்கள் எல்லாரும் வந்து எட்டிப்பார்த்து, "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பார்வையாளர் வரும் இடத்தில் அவர்களுக்குரிய வசதிகள் இருந்தாக வேண்டும் என்று வாரிய விதிகளில் எங்கோ ஒரு வரி இருந்தது. அதன்படி ஒன்பது நாளில், குழியிலிருந்து நாலடி தள்ளி, வெள்ளை ஓடு பதித்து, பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்து, படியில்லாமல் சரிவு போட்டு, அருமையான கழிப்பறை ஒன்று எழும்பியது. வாசலில் மேசை போட்டு ஒரு குமாஸ்தா உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் தடிமனான பதிவேடு. கழிப்பறை பார்வையாளர்களுக்கு மட்டும்.

கழிப்பறை திறந்த அன்று காலை மாமனார் மகளின் தோளில் ஒரு கையும் மருமகனின் தோளில் ஒரு கையுமாகப் பின்வாசல் வழியாக வந்தார். மூன்று டம்ளர் தண்ணீர் குடித்திருந்தார், வேண்டுமென்றே. குமாஸ்தா பேனாவைத் திறந்து அவர் வயதைக் கேட்டு எழுதினார், வருகையின் நோக்கம் கேட்டார், மாமனார் சொன்னதைக் கொஞ்சம் நாகரிகமாக மாற்றி எழுதினார். பிறகு கடைசிக் கட்டத்துக்கு வந்து நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கேருந்து வர்றீங்க பெரியவரே?"

"வெளிய வந்து சொல்றேன்பா," என்றார் மாமனார். "முதல்ல உள்ள விடு."